வீடு விற்கும் தொழிலும் எங்கள் இல்லமும்

பெற்றோர் தத்தம் தொழிலைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமெனப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கேட்டுக் கொண்டபொழுது, நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுவதென முடிவு செய்தோம். எங்களுள் கணவர் கிள்ளான் வட்டாரத்தில் வீடு விற்பனை முகவர். மனைவி சிறுநீரகம் செயலிழந்தவர். வாரத்திற்கு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே அமர்ந்திருப்பவர். இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் நடப்பதால் ஒன்றை விடுத்து மற்றொன்றை எழுதுதல் இயலாது.

எங்கள் மகள் இப்பள்ளியில் பயில்கிறாள். சாலையோரங்களில் அவளுடைய தந்தையின் தொலைபேசி எண்ணுடன் தொங்கும் விளம்பரப் பலகைகளைக் கண்ட வகுப்புத் தோழர்கள், "இத்தனை வீடுகளும் உங்களுடையவையா?" என்று கேட்டார்களாம். மாணவச் செல்வங்களே, அவற்றுள் ஒன்றுகூட எங்களுடையதன்று. நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கே இன்னும் பல ஆண்டுகள் வங்கிக்குத் தவணை கட்ட வேண்டியிருக்கிறது.

விற்பவரையும் வாங்குபவரையும் ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே முகவரின் பணி. நினைத்தவரெல்லாம் இத்தொழிலில் இறங்கிவிட முடியாது. 1981ஆம் ஆண்டின் சட்டமொன்று இதனைக் கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் கீழ், இரண்டு நாள் பயிற்சி பெற்று, எண் பொறித்த அட்டையைக் கழுத்தில் அணிந்துதான் விற்பனைப் பேச்சில் ஈடுபடலாம். கட்டணம் விற்கும் விலையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படலாகாது. நான்கு இலட்சம் வெள்ளி வீடு விற்றால் பன்னிரண்டாயிரம் வெள்ளி. கேட்பதற்கு இனிமையான தொகைதான்! ஆனால் அதில் நிறுவனத்தின் பங்கு போக எஞ்சுவதே கைக்கு வரும். அதுவும் வீடு விற்றால்தான்.

விற்பது என்பது கைகுலுக்குவதோடு முடிவதன்று. வாங்குபவர் முதலில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ முன்பணம் தருவார். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது அது நூற்றுக்குப் பத்தாக நிறைவு பெறும். பின்னர் மூன்று மாதம், போதாவிடில் இன்னும் ஒரு மாதம். இதற்கிடையே வங்கி கடன் தர மறுத்துவிட்டால் இருபது முறை வீட்டைத் திறந்து காட்டிய உழைப்பு காற்றோடு போய்விடும். மாதச் சம்பளமில்லை, ஊழியர் சேமநிதியில்லை, மருத்துவ விடுப்புமில்லை. வேலைக்குப் போவோர் வீடு திரும்பிய பின்னர்தாம் வீடு பார்க்க வருவராதலால் மாலைப் பொழுதும் சனி ஞாயிறுமே தொழிலுக்கு உகந்த நேரம். வாடகை வீடு தேடும் நம்மவர்க்கு, "இந்தியருக்குக் கொடுப்பதில்லை" என்ற பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க நேரும் நாள்களும் உண்டு. அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், இங்கு வேண்டாம்.

2018ஆம் ஆண்டின் இறுதியில் மனைவிக்குத் தலைவலியும் கால்வீக்கமும் ஏற்பட்டன. அரசாங்க மருத்துவமனையில் இரத்த அழுத்தத்தை அளந்த தாதி ஒன்றும் பேசாமல் மருத்துவரை அழைத்து வந்தார். இரு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டிருந்தன. சிறுநீரகம் பெரும்பாலும் ஓசையின்றியே கெடும் உறுப்பு என்று மருத்துவர் விளக்கினார். மையத்தில் எங்களோடு இருப்போருள் பலர் நீரிழிவினால் அந்நிலையை அடைந்தவர்கள். இந்நாட்டில் நீரிழிவு நம்மவரிடையேதான் மிகுதி என்பதைப் பெற்றோர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம்.

கையில் நாடியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்தார்கள். அவ்விடத்தைத் தொட்டால் தேனீ முரல்வது போன்ற அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்நாளில் எங்கள் மகள் பாலர் பள்ளிக்குச் சென்று கொண்டிருந்தாள். காலையில் எழுந்தவுடன் தாயின் கையைத் தொட்டு, "தேனீ இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் பல் துலக்கப் போவாள். இன்றும் அப்பழக்கம் மாறவில்லை.

மனைவி முன்னர் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பணியாற்றிச் சொக்சோ சந்தா செலுத்தி வந்தவர். அதனால் சுத்திகரிப்புச் செலவின் பெரும்பகுதியைச் சொக்சோ ஏற்றுக் கொண்டது. இஃது எங்களுக்குக் கிடைத்த பேருதவி. இளநீர், வாழைப்பழம், நட்சத்திரப் பழம் ஆகியன வீட்டினின்று விடைபெற்றன. ஒரு நாளைக்குரிய நீர் அரை லிட்டர் அளவே. கறி, தேநீர், மாத்திரை விழுங்கும் நீர் எல்லாம் அக்கணக்கில் அடங்கும். கிள்ளான் வெயிலில் அரை லிட்டர் என்பது எத்துணைச் சிறியது என்பதை அனுபவித்தவரே அறிவர்.

மையத்தில் எங்களுக்குக் கிடைத்த முறை செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை முகவருக்கு அறுவடை நாள்! காலையில் மனைவியைக் கொண்டுபோய் விட்டு, மெலிந்து தள்ளாடி வெளியே வருபவரை நண்பகலில் அழைத்து வந்து படுக்க வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுப் புறப்படுவதற்குள் வீடு பார்க்க வந்தவர்கள் வேறு முகவரோடு போயிருப்பார்கள். தனியாகப் போய் வருகிறேன் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். இருமுறை இரத்த அழுத்தம் இறங்கி மயங்கிய பின்னர் அந்தப் பேச்சு எங்களிடையே எழவில்லை.

ஆகவே திங்கள், புதன், வெள்ளி முறைக்கு மாற்றித் தருமாறு கேட்டோம். "இடம் காலியானால் அழைக்கிறோம்" என்று கூறிப் பெயரை எழுதிக் கொண்டார் பொறுப்பாளர். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். காருக்குள் அமர்ந்த பின்னர்தான் மனைவி, "இங்கே இடம் எப்படிக் காலியாகும்?" என்று கேட்டார். காலி என்பது எங்கள் தொழிலில் மகிழ்ச்சியான சொல். காலியான வீட்டை எந்நேரமும் திறந்து காட்டலாம். ஆனால் சுத்திகரிப்பு மையத்தில் ஒரு நாற்காலி காலியாகிறதென்றால் யாருக்கோ மாற்றுச் சிறுநீரகம் கிடைத்திருக்கலாம். ஊர் மாறிப் போயிருக்கலாம். பெரும்பாலும் காரணம் மூன்றாவது ஒன்று. அன்றைக்குப் பின் அக்கோரிக்கையை நாங்கள் நினைவூட்டவில்லை; திரும்பப் பெறவுமில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. யாரும் யார் வீட்டையும் பார்க்க வரவில்லை. சிறுநீரகத்துக்கோ விடுமுறை கிடையாது. மையம் தந்த கடிதத்தைக் காவலரிடம் காட்டி வெறிச்சோடிய சாலையில் போய் வந்தோம். அம்மாதங்களில் வருமானம் சுழி. சேமிப்பும், மனைவியின் இரண்டு வளையல்களும் கைகொடுத்தன.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18, சனிக்கிழமை. மழை விடாது பெய்தது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய நாள் அது. எங்கள் வீடு மேட்டில் இருந்தமையால் தப்பியது. ஆனால் மையத்துக்குப் போகும் சாலை நீருக்குள் இருந்தது. வியாழனுக்குப் பிறகு திங்கட்கிழமைதான் இயந்திரத்தை அடைய முடிந்தது. அந்த நான்கு நாளும் மனைவி தண்ணீருக்குப் பதிலாகப் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக் கொண்டார். துண்டுகளை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பு மகளுடையது. ஞாயிறு இரவு படுத்தால் மூச்சு முட்டியது. நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தோம்.

மறு ஆண்டு சீனப் பெருநாள் வாரத்தில் மையத்தில் முறைகள் மாற்றி வைக்கப்பட்டன. அப்பொழுது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் அமர்ந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவரின் தொழிலை அறிந்ததும், "என் வீட்டை விற்றுக் கொடும்மா" என்றார். இரண்டு மாடி வீடு, படுக்கையறை மேலே. சுத்திகரிப்பு முடிந்து வரும் நாள்களில் பதினான்கு படி ஏற முடியாமல் கூடத்து நாற்காலியிலேயே உறங்குவாராம். பந்திங்கில் மகன் வீட்டருகே ஒரு தரை வீடு வாங்கிக் குடியேற வேண்டுமென்பது அவரது ஆசை. நோயாளி ஒருவரை வீட்டில் வைத்திருக்கும் முகவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் குளியலறைப் படியின் உயரத்தைத்தான் கணவரின் கண் முதலில் தேடுகிறது.

ஏழு வாரத்தில் ஆள் கிடைத்தது, முன்பணமும் பெறப்பட்டது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட நாள் குறித்திருந்தோம். அதற்கு நான்கு நாள் முன்பு பெரியவர் காலமானார். உயில் இல்லை. அச்சொத்து நில அலுவலகத்தில் விசாரிக்கப்பட்டு வாரிசுகள் பெயருக்கு மாற்றப்படும் வரை விற்பனை நிற்க வேண்டியதாயிற்று. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் பலகையைக் கழற்றிக் கொண்டு வந்தோம்.

அடுத்த வாரம் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. திங்கள், புதன், வெள்ளி, காலை முறை, இடம் காலியாகியிருக்கிறது. யாருடைய இடமென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மனைவி முதலில் மறுத்தார். "நாம் வேண்டாமென்றால் அந்த நாற்காலி வெறுமனே இருக்கப் போவதில்லை, வரிசையில் அடுத்தவருக்குப் போகும்" என்றார் கணவர். இரண்டு நாள் பேசினோம். வீட்டுக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தோம். பின்னர் ஏற்றுக் கொண்டோம். அந்த ஆண்டு முடிவதற்குள், சனிக்கிழமைகளில் வீடு காட்ட முடிந்தமையால், அதுவரை கண்டிராத அளவில் ஐந்து வீடுகள் விற்றன. மகளின் கூடுதல் வகுப்புக் கட்டணம் முதன்முறையாகத் தவணை தவறாமல் கட்டப்பட்டது.

2023ஆம் ஆண்டில் பெரியவரின் மகன் எங்களைத் தேடி வந்தார். சொத்து தாயார் பெயருக்கு மாறிவிட்டதாகவும், வீட்டை எங்களிடமே ஒப்படைப்பதாகவும் கூறினார். இம்முறை வாங்க வந்தவர் கேட்ட முதற் கேள்வி வெள்ளத்தைப் பற்றியது. 2021இல் முழங்கால் அளவு நீர் வந்ததை விற்பவரின் சம்மதத்தோடு மறைக்காமல் சொன்னோம். பதினைந்தாயிரம் வெள்ளி குறைத்துக் கேட்டார்; அவ்விலைக்கே முடிந்தது.

சாவியை ஒப்படைக்கும் நாளில் நாங்கள் இருவருமே போயிருந்தோம். பெரியவரின் மனைவி சாமான்களைக் கட்டி முடித்து வாசலில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"நான்தான் அம்மா" என்றார் மனைவி.

அம்மையார் சற்று நேரம் அவரது கையையே பார்த்துக் கொண்டிருந்தார். பின்னர், "அந்த இடத்தில் குளிர்காற்று நேராக மேலே படும் என்று அவர் சொல்லிக் கொண்டே இருப்பார். கனமான போர்வை கொண்டுபோம்மா" என்று சொல்லிவிட்டுக் கட்டி வைத்திருந்த மூட்டைகளுள் ஒன்றை அவிழ்க்கத் தொடங்கினார்.