சிச்சி என்றால் ஏழு

ஈப்போ லிட்டில் இந்தியாவில் பூக்கடை ஒன்றின் மேல்மாடியில் அந்த அச்சகம். படியேறும்போது மல்லிகை மணத்தது, ஏறி முடித்ததும் மை. கணினித் திரையில் வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் காலைத் தூக்கியபடி நிற்க, அவரைச் சுற்றி நான்கு மொழிகள் இடத்துக்கு முட்டிமோதிக்கொண்டிருந்தன.

“சீனம் சின்ன இடத்துல முடிஞ்சிடும் சார். மலாயும் இங்கிலீஷும் அண்ணன் தம்பி மாதிரி. தமிழ்தான், எழுத்தைச் சின்னதாக்கினாலும் கோட்டைத் தாண்டுது” என்றார் பக்கம் கட்டும் தம்பி.

பேராக்கில் பல ஆண்டுகளாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவரின் ஆசை இது. ஜப்பானிலிருந்து வரும் இதழை அனுமதி வாங்கி, மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கிலும் கொண்டுவர வேண்டும். தமிழ்ப் பக்கங்களைப் பார்த்துத் தர என்னைக் கூப்பிட்டிருந்தார். “ஒரு நாள் வேலைதான்” என்றார். நம்பிப் போனேன்.

முதல் தலைவலி மொழியால் வரவில்லை, படத்தால் வந்தது. ஜப்பானிய இதழ் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். எழுத்து மேலிருந்து கீழாக இறங்கும். படவரிசையும் வலமிருந்து இடம் போகும். நம் கண்ணுக்கு அது தலைகீழ்க் கதை. விழுந்து கிடப்பவன் எழுந்து, வாங்கிய குத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லிப் போகிறான். தம்பி சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தார். முழுப் பக்கத்தையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டார்.

மாஸ்டர் அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வலக்கைக் குத்து இடக்கைக் குத்தானதுகூட அவருக்குப் பெரிதில்லை. விரலால் திரையில் மார்பைத் தொட்டுக் காட்டினார். கராத்தே மேலாடையில் இடப்பக்க மடிப்புதான் மேலே வர வேண்டும். திருப்பியதில் வலப்பக்கம் மேலே வந்திருந்தது. “ஜப்பான்ல செத்தவங்களுக்குத்தான் இப்படி உடுத்துவாங்க தம்பி. என் வாத்தியாரைப் பாடையில ஏத்திட்டியே!” அப்புறம் ஒவ்வொரு படமாக வெட்டி, திருப்பாமல், வரிசையை மட்டும் மாற்றி ஒட்டினோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு.

இந்தப் பாட்டை நமக்கு முன்னே பட்டவர் ஸ்டான்லி பிரானின் என்ற அமெரிக்கர். ஐக்கிடோ கலைக்காக 1974-இல் கலிஃபோர்னியாவில் ‘ஐக்கி நியூஸ்’ இதழைத் தொடங்கி, 1977-இல் ஜப்பானுக்கே குடிபெயர்ந்து, ஆங்கிலத்தையும் ஜப்பானியத்தையும் ஒரே இதழில் கொண்டுவந்தவர். அவருக்கு இரண்டு மொழி. மாஸ்டருக்கு நான்கு, அதில் ஒன்று தமிழ்.

தமிழில் என்ன சிக்கல்? பக்கத்து மேசையில் சீனப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டு எனக்குப் பொறாமை. கராத்தே என்பதற்கு ஜப்பானியர் எழுதும் அதே எழுத்துகளை அவர் அப்படியே போட்டுவிடுகிறார். வெறுங்கை என்று பொருள் உடனே விளங்கிவிடுகிறது. வாயால் படித்தால் ‘கோங் ஷோ’. அதாவது பொருள் வந்துவிட்டது, ஓசை போய்விட்டது. நமக்கு நேர்மாறு. ஓசை வருகிறது, பொருள் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அந்த எழுத்துக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. முன்பு ‘சீனக் கை’ என்று பொருள்படும் எழுத்தில்தான் எழுதினார்கள். ஓசை மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றி, 1936-இல் ஒக்கினாவா ஆசான்கள் கூடி ‘வெறுங்கை’ என்று முடிவுகட்டினார்கள்.

எங்கள் சொற்பட்டியலில் ‘மாயே கேரி’யை ‘முன்னுதை’ என்று எழுதினேன், யாரும் மறுக்கவில்லை. ‘கதா’ என்று எழுதினால் கதாகாலட்சேபம் போல் இருந்தது. குத்துவரிசை வைத்திருக்கும் நமக்கு ‘வரிசை’ போதும் என்பது என் கட்சி. போட்டி நடுவர் எந்த நாட்டிலும் ‘ஹஜிமே’ என்றுதான் தொடங்குவார், ‘யாமே’ என்றுதான் நிறுத்துவார்; 1 புள்ளி யூகோ, 2 வாசாரி, 3 இப்பொன். அவற்றில் கைவைக்கக் கூடாது என்பது மாஸ்டரின் கட்சி. இரண்டும் சரி என்றே படுகிறது. முன்னேறிக் குத்தும் ‘ஓய் சுக்கி’யைப் படித்த தம்பி, “யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கே” என்றார்.

மாலையில் பட்டியலோடு சுங்கை சிப்புட் பக்கம் மாஸ்டரின் வகுப்புக்குப் போனோம். சுண்ணாம்புக் குன்றுகள் பின்னே போகப் போக, சாலையின் இரு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற தோட்டம் அது. லயங்களில் ஒரு வரிசை மட்டும் மிச்சம். கோயில் மண்டபத்தில் இருபது பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் நின்றார்கள். “இச்சி! நி! சான்! சி! கோ! ரொக்கு!” ஏழுக்கு வந்ததும் முன்வரிசைப் பயல் வாயைப் பொத்தினான். சிச்சி! மண்டபமே சிரித்தது. இதை எதிர்பார்த்துத்தான் பட்டியலில் ‘ஷிச்சி’ என்று எழுதியிருந்தேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே ஒரு மெச்சல்.

படிக்கட்டில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார், தொண்ணூறு வயது. பிள்ளைகளோடு அவர் உதடும் அசைந்தது. பத்தில் பிள்ளைகள் நிறுத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. ஜூ இச்சி, ஜூ நி, ஜூ சான், ஜூ சி.

“பதினாலு. வரிசையில என் நம்பரு” என்றார்.

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பான் படை ஈப்போவுக்குள் நுழைந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் தோட்டத்துப் பள்ளியில் காலையில் உடற்பயிற்சி, ஜப்பான் எண், ஜப்பான் பாட்டு. அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். அப்பா திரும்பவில்லை. அதைச் சொல்லும்போதும் பாட்டியின் கண் பிள்ளைகள் மேல்தான் இருந்தது.

“பேரப்புள்ள கராத்தே படிக்கிறது உங்களுக்குச் சங்கடமா இல்லையா பாட்டி?”

“எதுக்குப்பா? அவன் நல்லா உதைக்கிறான்.”

பட்டியலைப் படித்துக் காட்டினேன். ஏழில் நிறுத்தினார்.

“அதென்ன ஷி? சிச்சின்னுதான் நாங்க சொல்லுவோம். ஆனா சிரிச்சதில்ல. சிரிச்சா கன்னத்துல விழும்.”

தாளில் ‘ஷி’யை அடித்துவிட்டுச் ‘சி’ போட்டேன். உள்ளே மாஸ்டர் மறுபடி இச்சியிலிருந்து தொடங்கினார்.