கரப்பானும் குலப்பழியும்

குழந்தையின் மேனியில் கரப்பான் கண்டால், மருந்தைத் தேடுமுன் குற்றவாளியைத் தேடுவது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். கருவுற்றிருந்தபோது தாய் கத்தரிக்காய் உண்டாள், கருவாடு உண்டாள் என்பர். அது பொருந்தாவிடில், அவள் பிறந்த வீட்டு இரத்தம் என்பர். ஊரைவிட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் குடியேறிய நமக்கோ மூன்றாவது குற்றவாளியும் உண்டு: வந்த ஊரின் தண்ணீர்.

தில்லியில் எங்கள் இல்லத்திலும் இவ்வழக்கு நடந்தது. எங்கள் பேரனுக்கு நான்காம் திங்களில் கன்னங்கள் சிவந்தன. இரண்டாம் ஆண்டில் முழங்கை மடிப்புகளிலும் முழங்கால் மடிப்புகளிலும் தோல் தடித்து நீர் கசிந்தது. இரவெல்லாம் சொறிவான், மருமகள் அவன் கைகளைப் பற்றியவாறு விழித்திருப்பாள். ஊரிலிருந்து தொலைபேசியில் நலம் கேட்ட உறவினரெல்லாம் அவள் உண்டதையே விசாரித்தனர். நாளடைவில் அவள் அரைவயிறு உண்ணத் தலைப்பட்டாள். அது கண்டு வருந்தியே, இந்நோயின் மெய்யான காரணங்களை அறிய முற்பட்டோம். தோல் மருத்துவர் விளக்கியதையும் நூல்களிற் கற்றதையும் அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

நம் தோல் உடலுக்கு மதில் போன்றது. ஈரம் வெளியேறாமலும் தூசும் கிருமியும் உட்புகாமலும் அது காக்கிறது. அம்மதிலை உறுதியாக்கும் புரதங்களுள் ஒன்று பிலாக்ரின். இதனை ஆக்கும் மரபணுவில் நேரும் பழுது கரப்பானுக்கு வலுவான காரணி என்பதனை, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து இர்வின் மக்லீனும் அவருடன் ஆய்ந்தோரும் 2006ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அப்பழுதுள்ள குழந்தைகளுக்கு நோய் இளமையிலேயே தோன்றி, கடுமையாகி, நீடிக்கும் வாய்ப்பு மிகுதி. ஆனால் பழுது இருந்தும் நோயுறாதார் பலர். பழுதின்றியே நோயுற்றாரும் பலர். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர்க்குக் கண்டு மற்றவர்க்குக் காணாதிருப்பதும் உண்டு. ஆகவே மரபு ஒரு காரணமேயன்றி, முடிந்த தீர்ப்பன்று.

அடுத்தது உடலின் காவற்படை. மதில் விரிசலுற்றால், தீங்கற்ற தூசையும் அது பகையெனக் கொண்டு எழுகிறது. அப்போது இன்டர்லூக்கின் 4, 13 என்னும் தூதுப்பொருள்கள் பெருகுகின்றன. இன்டர்லூக்கின் 31 அரிப்பைத் தூண்டுகிறது. முன்னவை இரண்டும் பிலாக்ரின் சுரப்பையும் குறைப்பதால் மதில் மேலும் தளர்கிறது. சொறிந்த புண்ணில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி குடியேறி அழற்சியை வளர்க்கிறது. நோய் ஒரு குழந்தைக்கு எளிதாகவும் மற்றொன்றுக்குக் கொடிதாகவும் அமைவது பெரும்பாலும் இச்சுழலின் வேகத்தைப் பொறுத்ததே. இவ்வியல்புக்கு 1923இல் கோக்கா, குக் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 'அடோப்பி' என்று பெயரிட்டனர். இடத்திற்குப் பொருந்தாமை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். கரப்பானும் மூச்சிழுப்பும் தூசினால் வரும் தும்மலும் இதன் கிளைகள்.

மருத்துவர் இதனைக் கூறி, குடும்பத்தில் எவர்க்கேனும் மூச்சிழுப்பு உண்டோ என வினவினார். எங்கள் மகனுக்கு இளமையில் இருந்தது! இரத்தம் என்று வழக்காடப் புகின் எங்கள் பக்கத்து இரத்தமும் கூண்டில் ஏறவேண்டியதே. ஆனால் எவரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்காத ஒன்றுக்கு எவரைக் குற்றஞ்சாட்டுவது?

தண்ணீரைக் காட்டிலும் தில்லியின் பனிக்கால வறண்ட காற்றே எங்கள் பேரனை வாட்டியது. விடுமுறையில் கடலோரத்து ஊருக்குச் சென்றால் தணியும். வேறு சில குழந்தைகளுக்கோ அங்குள்ள வியர்வையே அரிப்பை மிகுவிக்கும். வெந்நீரின்றி இளஞ்சூட்டு நீரில் விரைவாகக் குளிப்பாட்டி, ஈரம் புலருமுன் ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூசுதலும், கம்பளிக்குள் பருத்தியுடை அணிவித்தலும் நன்று. அண்டை வீட்டார் அன்போடு சொல்லும் கடுகெண்ணெய் எரிச்சலூட்டக்கூடும். ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் குறித்த அளவிலும் நாளிலும் அஞ்சாது பூசலாம். கடையில் தாமே வாங்கி நெடுநாள் பூசுதல் தீது. கடுமையான நோய்க்கு, முன்சொன்ன தூதுப்பொருள்களைத் தடுக்கும் டுபிலுமாப் என்னும் ஊசிமருந்தும் வந்துள்ளது. ஆறு திங்கள் நிரம்பிய குழந்தைகளுக்கும் அமெரிக்காவில் 2022இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

உணவு ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு உண்டு. அதனைச் சோதித்தறியாமல், பாலையும் முட்டையையும் பருப்பையும் விலக்கினால் வளரும் பிள்ளை மெலியும். பாலூட்டும் தாயும் மெலிவாள். இது தொற்றுநோயன்று, ஆதலின் அக்குழந்தையை விளையாட்டிலிருந்து ஒதுக்குதலும் வேண்டா.

எங்கள் பேரனுக்கு இப்போது ஐந்து வயது. பனிக்காலத்தில் நோய் தலைகாட்டுகிறது, களிம்பினால் அடங்குகிறது. மருமகள் வயிறார உண்கிறாள். இத்தகைய இல்லங்களில் நலம் விசாரிக்கும் அன்பர்கள், "என்ன உண்டாய்?" என்று கேளாமல், "நேற்றிரவு உறங்கினாயா, அம்மா?" என்று கேட்பாராக.