ஆள் கடலில்!

கப்பலில் எழும் கூச்சல்களுள் ஆழ்ந்த உறக்கத்திலிருக்கும் மாலுமியையும் உலுக்கி எழுப்புவன இரண்டு. ஒன்று ‘தீ!’ என்பது, மற்றொன்று ‘ஆள் கடலில்!’ என்பது. முன்னதற்கு நீர்க்குழாய் உண்டு, ஓரளவு அவகாசமும் உண்டு. பின்னதற்கு அவகாசம் என்பதே இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் பணியாற்றிவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியுள்ள எனக்கு, இதனை நம் குடும்பங்களில் பேச வேண்டும் என்னும் எண்ணம் நெடுநாளாக உண்டு. ‘மாலுமி’ என்ற சொல்லே அரபியின் ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்ததென்பர். ‘சுக்கான்’ என்பதும் அரபு மொழி தந்ததே. மரக்கலம் ஓட்டியவர்களின் பேரர்கள் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். ஆனால் கடலுக்குச் செல்லும் நம் பிள்ளையின் படகில் மிதவை அங்கி எத்தனை இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் விடை கிடைப்பதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். சரக்குக் கப்பலொன்று மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ எட்டு மீட்டர். ஒருவர் தவறி விழுந்து, மற்றவர் அதனைக் கண்டு, மேலே செய்தி சொல்லி முடிப்பதற்குள் ஒரு நிமிடம் கழிந்தால், விழுந்தவர் நானூற்று அறுபது மீட்டர் பின்னால் இருப்பார். நீருக்கு மேல் தெரிவது அவருடைய தலை மட்டுமே. அதாவது ஒரு தேங்காயின் அளவு. அலை ஒரு மீட்டர் உயரம் எழுந்தாலே அத்தேங்காய் பாதி நேரம் மறைந்துவிடும்.

1991ஆம் ஆண்டில் நான் இருந்த கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. துறைமுக வழிகாட்டி ஏறி வருவதற்கான கயிற்றேணியைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டிருந்தபோது, ரத்னகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் கால் வழுக்கிக் கடலில் விழுந்தார். அருகிலிருந்தவர் செய்தவை இரண்டு. தொண்டை கிழியக் கத்தினார். கைக்கெட்டிய உயிர்காப்பு வளையத்தை எடுத்து வீசினார். கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தின் ஓரத்தில் புகைக்குப்பியுடன் இணைத்த பெரிய வளையம் ஒன்று எப்போதும் தொங்கும். அங்கிருந்த அதிகாரி அதன் கொளுவியை விடுவித்தார். அது நீரில் விழுந்ததும் செம்மஞ்சள் நிறப் புகை எழுந்தது. பதினைந்து நிமிடம் புகைய வேண்டும் என்பது விதி. அதனோடு உள்ள விளக்கு இரண்டு மணி நேரம் எரிய வேண்டும்.

எங்கள் சாரங்கு என் தோளைப் பிடித்து மேல்தளத்தின் ஓரத்தில் நிறுத்தி, “அவனை விட்டுக் கண்ணை எடுக்காதே, கையை நீட்டிக்கொண்டே இரு” என்றார். எனக்கு வேறு வேலை இல்லை. கப்பல் திரும்பத் திரும்ப என் கை மட்டும் அந்த இளைஞரின் திசையிலேயே நிற்க வேண்டும். பார்ப்பவர்க்கு இது எளிதெனத் தோன்றும். ஒரு முறை இமைத்துத் திறப்பதற்குள் இடம் தவறிப்போவதை அன்று கண்டேன். புகை இருந்ததால் மீண்டும் பிடித்தேன்.

இதற்கிடையில் கேப்டன் கப்பலைத் திருப்பத் தொடங்கியிருந்தார். முதலில், விழுந்தவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே சுக்கானை முழுவதும் திருப்புவார்கள். அப்போது கப்பலின் பின்புறம் அவரைவிட்டு விலகும். விசிறி அவரைத் தொடாது. பழைய திசையிலிருந்து அறுபது பாகை விலகியதும் சுக்கானை மறுபக்கம் முழுவதும் திருப்புவார்கள். கப்பல் ஒரு பெரும் வட்டமடித்து, தான் வந்த தடத்திலேயே எதிர்முகமாக வந்து சேரும். வில்லியம்சன் திருப்பம் என்பது இதன் பெயர். இரவிலும் மூடுபனியிலும் கூடப் பழைய தடத்திற்கு நம்மைக் கொண்டுவந்து சேர்ப்பதே இதன் சிறப்பு. மூன்று நீண்ட ஊதல்கள் ஒலித்தன. சிவப்பும் மஞ்சளும் மூலைவாட்டில் பிரிந்த ‘ஓ’ கொடி ஏறியது. அண்மையிலுள்ள கப்பல்களுக்கு, ‘எங்கள் ஆள் கடலில் விழுந்துள்ளார்’ என்று அது அறிவிக்கும். மீட்புப் படகு இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நாற்பது நிமிடங்கள் ஆகியிருந்தன. வளையத்தின் உள்ளே கைகளை நுழைத்தபடி அவர் இருந்தார். நன்கு நீந்தத் தெரிந்தவர்தாம். ஆயினும் விழுந்த அதிர்ச்சியில் முதல் மூச்சிலேயே நீரைக் குடித்துவிட்டதாகவும், வளையம் கிடைத்திராவிட்டால் நீச்சல் பயன்பட்டிராது என்றும் பின்னர் சொன்னார்.

அந்த வளையத்தை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். 14.5 கிலோ இரும்பை 24 மணி நேரம் நன்னீரில் தாங்க வேண்டும் என்று அதற்குச் சர்வதேச விதி உண்டு. கழுத்துவரை நீரில் இருக்கும் மனிதரின் எடையோ சில கிலோ அளவே தோன்றும். எனவே அது தாராளமாகப் போதும். வேறொரு கப்பலில் இவ்வளையங்களுக்குப் புதுச் சாயம் பூசி, அழகுக்காக இறுக முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருந்ததைக் கண்டேன். கத்தியின்றி அவிழ்க்க இயலாத அலங்காரம்!

குளிர்நாட்டுக் கடல்களின் கதை வேறு. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது மிதவை அங்கி அணிந்திருந்த பலர் நீரில் அமிழாமலேயே குளிரால் மாண்டனர். 1979இல் பாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியின்போது புயலில் பதினைந்து பந்தயப் படகோட்டிகள் இறந்தனர். நெடுநேரம் நீரில் கிடந்தவரைச் செங்குத்தாகத் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென விழுந்து, மீட்கப்படும் தருணத்திலேயே உயிர் பிரியலாம் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். எனவே இயன்றவரை படுத்த நிலையில் தூக்க வேண்டும். அனுபவம் காக்கும் என்று எண்ணுபவர்க்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். எரிக் தபர்லி, பிரான்சு நாட்டின் தலைசிறந்த பாய்மர வீரர். 1998 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, அயர்லாந்துக் கடலில், தம் சொந்தப் படகிலிருந்து விழுந்தார். மிதவை அங்கியும் இல்லை, படகோடு பிணைக்கும் வாரும் இல்லை. உடனிருந்தவர்களால் அவரைக் காண இயலவில்லை. ஐந்து வாரங்களுக்குப் பின் உடலே கிடைத்தது.

நம் கடல் வெதுவெதுப்பானது. குளிர் உடனே கொல்லாது. இங்கே கொல்வது களைப்பும் இருளும், விழுந்ததை எவரும் காணாமையுமே. வலை விடும்போது கயிற்றில் கால் சிக்கி இழுபடுவோர் உண்டு. இரவில் சிறுநீர் கழிப்பதற்காக ஓரத்தில் நின்று சாய்ந்துவிடுவோர் உண்டு. கூச்சத்தால் இதனை எவரும் வெளியே சொல்வதில்லை.

எங்கள் பகுதியில் ஒரு சகோதரி இருக்கிறார். அவருடைய கணவர் விசைப்படகில் சென்றார். நள்ளிரவில் உணவருந்தியவரை விடியற்காலையில் காணவில்லை. பார்த்தவர் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. கணவர் இறந்தார் என்றால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். இறந்தாரா என்பதே தெரியாதபோது எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆலிம்களிடம் கேட்டார், வழக்கறிஞரிடம் கேட்டார். கணவர் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாவிடில் மனைவி மணமுறிவு கோரி நீதிமன்றம் செல்ல 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் அவர் வேண்டியது மணமுறிவு அன்று, இறப்புச் சான்றிதழ். செய்தியற்றுப் போனவரை இறந்தவராகக் கருதுவதற்குச் சான்றுச் சட்டம் ஏழு ஆண்டுகள் எதிர்பார்க்கிறது. அதுவரை வங்கிக் கணக்கும் காப்புத்தொகையும் முடங்கிக் கிடந்தன. வாசலில் செருப்போசை கேட்டால் எழுந்துபோய்ப் பார்ப்பதை அவர் ஆறாம் ஆண்டிலும் விடவில்லை.

இதனாலேயே என் சகோதரியின் மகன் சென்ற ஆண்டு கண்ணாடியிழைப் படகு வாங்கியபோது அவனோடு வாதிட்டேன். “அங்கியைப் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது மாமா, வெந்து போகும்” என்றான். அவன் சொன்னது முழுவதும் பொய்யன்று. பருமனான அங்கி வேலைக்கு இடையூறுதான். எனவே இடுப்பிலும் தோளிலும் பட்டையாக அமைந்து, நீரில் விழுந்ததும் தானே காற்றடைத்துக்கொள்ளும் வகையைக் காட்டினேன். விலை கூடுதல், காற்றுக்குப்பியை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். இரண்டு வாங்கினான். இயந்திரத்தை நிறுத்தும் சுருள்கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளவும் இசைந்தான். ஓட்டுபவரே விழுந்தால் படகு ஆளில்லாமல் ஓடிவிடாமல் அது காக்கும்.

மற்றவற்றிற்குச் செலவே இல்லை. மூடி இறுக்கிய வெற்று 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று, கப்பலின் விலையுயர்ந்த வளையத்தைவிட அதிக எடையைத் தாங்கும். அதன் பிடியில் முப்பது மீட்டர் மிதக்கும் கயிற்றைக் கட்டி, அவிழ்க்கத் தேவையில்லாதபடி பின்புறம் வைத்திருக்கிறான். விழுந்தவரை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்; காப்பாற்றுவதற்காக மற்றொருவர் குதிக்கவே கூடாது. நனைந்த மனிதரைப் படகின் விளிம்புக்கு மேல் தூக்குவது இருவர்க்கும் கடினம். இதற்கு வலையே போதும். வலையின் ஓர் ஓரத்தைப் படகில் கட்டிவிட்டு, மறு ஓரத்தை அவருக்கு அடியில் செலுத்தி மேலே இழுத்தால், பாயைச் சுருட்டுவதுபோல் அவர் படுத்தவாறே உருண்டு உள்ளே வந்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆழமில்லாத இடத்தில், அவனையே நீரில் இறக்கி இதனைச் செய்து பார்த்தோம். முதல் முறை தோல்வி. இரண்டாம் முறை வந்துவிட்டான். கரையில் நின்ற பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணை அவன் படகின் உட்புறத்தில் சாயத்தால் எழுதியிருக்கிறான். அதே எண்ணைத் தன் வீட்டு அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருப்பவர் அவனுடைய உம்மா.