ஒரு பட்டுப் புடவையும் ஒரு பரீட்சையும்

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் வந்தான். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவன். "தாத்தா, நீங்க கவர்மெண்ட்ல இருந்தவங்க. யாரையாவது தெரிஞ்சா எனக்காக ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்" என்றான்.

எனக்கு ஆர்தர் ஞாபகம் வந்தார். செஸ்டர் ஆர்தர், அமெரிக்காவின் 21-வது ஜனாதிபதி. அந்தக் காலத்தில் அங்கே ஜெயித்த கட்சிக்காரர்களுக்குத்தான் அரசாங்க வேலை. ஆட்சி மாறினால் தபால் ஆபீஸ் வரைக்கும் ஆள் மாறும். வேலை கிடைத்தவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்ட வேண்டும். ஆர்தரே அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர். நியூயார்க் சுங்க அலுவலகத்தின் தலைவராக இருந்து, 1878-ல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர்.

1881 ஜூலை 2-ம் தேதி, வேலை கேட்டுக் கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். செப்டம்பர் 19-ம் தேதி அவர் இறந்தார். துணை ஜனாதிபதி ஆர்தர் பதவிக்கு வந்தார். இவர் என்ன திருத்தப் போகிறார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவரோ 1883 ஜனவரி 16-ம் தேதி பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இனி பரீட்சை எழுதித்தான் வேலை. ஊழியரிடம் கட்சி வசூல் கூடாது. முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் அது பொருந்தியது. 1884-ல் அவர் கட்சி அவரை மறுபடியும் வேட்பாளராக நிறுத்தவில்லை.

நம் மாகாணத்தில் அதற்கான வழி 1929-ல் பிறந்தது. மதராஸ் சட்டசபை சட்டம் போட்டு சர்வீஸ் கமிஷனை அமைத்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். இன்றைய டி.என்.பி.எஸ்.சி.யின் ஆரம்பம் அதுதான்.

1971-ல் எனக்கு இதெல்லாம் தெரியாது. புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சில் படித்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியிருந்தேன். அந்தப் படிப்புக்கு இங்கே யாரும் வேலை தரவில்லை. கொசப்பாளையத்தில் அப்பா குழித்தறியில் கூலிக்கு நெய்தார். நெய்கிற பட்டு முதலாளியுடையது. "பெரிய மனுஷர் ஒருத்தர் சொன்னா வேலை ஆயிடும்" என்று யாரோ சொல்ல, தான் நெய்த புடவையையே அப்பா முதலாளியிடம் கடனுக்கு வாங்கினார். வாராவாரம் கூலியில் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. கல்யாணப் புடவையைத் தவிர அம்மாவுக்கு வேறு பட்டு கிடையாது.

அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவர் புடவையை வாங்கிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். வேலை வேறு யாருக்கோ போனது. கடன் அடைய எட்டு மாதம் ஆயிற்று. அப்பாவை நான் தடுக்கவில்லை. தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்தான். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பிறகு எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதினேன். தமிழில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதவே ஒரு வருஷம் பிடித்தது. கிளார்க் பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை. இரண்டாவது தடவை தேறினேன். உத்தரவு தபாலில் வந்தது. அதற்காக யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காரவில்லை. அப்பா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்கும் எதுவும் தர வேண்டாமாடா?" என்று கேட்டார்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். கடைசியில், "அந்தப் புடவை என்னாச்சு தாத்தா?" என்றான்.

"யார் வீட்டுப் பீரோவிலாவது இருக்கும். நீ போய்க் கணக்கைப் போட்டுப் பாரு" என்றேன்.