விதியா, விரிசலா?

"எல்லாம் விதி, ஐயா!" விமான விபத்தொன்றைப் பற்றி வகுப்பில் பேசியபோது மாணவனொருவன் சொன்னான். நாம் காமெட் விமானத்தின் கதையைக் கூறினோம்.

1954 ஜனவரி 10ஆம் நாள், இத்தாலியின் எல்பாத் தீவருகே பிரிட்டனின் காமெட் விமானம் வானிலேயே சிதறிற்று. மாண்டோர் 35 பேர். காரணம் காணுமுன்னரே, ஊகத்தை நம்பி மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்ரல் 8இல் நேப்பிள்ஸ் அருகே மற்றொரு காமெட் வீழ்ந்தது. மேலும் 21 உயிர்கள்! பின்னரே இன்னொரு காமெட்டின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பறக்கையில் ஏறியிறங்கும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றிச் சோதித்தனர். திறப்பொன்றின் மூலையில் உலோகம் அயர்ந்து பிளந்தது. 1958இல் பயணிகளை ஏற்றிய புதிய காமெட்டுக்குத் தடித்த தகடு, வட்டச் சாளரம்!

கொன்றது விதியன்று, விரிசல். நம் தங்கை காய்ச்சலில் மாண்டபோது நாமும் விதியென்றே அழுதோம், காரணம் கேட்டோமில்லை. இன்று கேட்கிறோம், மாணவரையும் கேட்கச் சொல்கிறோம்.