அர்ஜென்ட்

டெலிவரி சலான் (டி.சி.) புத்தகத்திலிருந்து கிழித்த கார்பன் நகல் அது. 'பம்ப் ஷாஃப்ட் 1, பேரிங் உட்காரும் இடம் தேய்வு, வெல்டிங் வைத்துக் கடைசல், வியாழன்.' கீழே பெரிதாக 'அர்ஜென்ட்'. அதற்கு அடியில் மூன்று கோடு. மூன்றாவது கோட்டில் தாளே லேசாகக் கிழிந்திருந்தது.

கட்சிக்காரர் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கத்து ஆலைகளில் ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு, எடுப்பவர். ஷாஃப்ட்டைக் கொடுத்தது மீஞ்சூரில் ஒரு லேத் பட்டறையில். "பத்திரம் எதுவும் போடலையே சார், நிக்குமா?" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. நிற்கும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்த மாதிரி வேலைக்கு முத்திரைத்தாள் கேட்பதில்லை. ஒருவர் கேட்டு, மற்றவர் மனதார ஒப்பி, கைமாறும் பேசியிருந்தால் வாய்ச்சொல்லே ஒப்பந்தம்தான். எங்களிடம் கூலி 4,500 ரூபாய், நாள், லேத்காரர் கையெழுத்து எல்லாமே இருந்தன.

ஷாஃப்ட் வியாழனுக்குப் பதில் திங்கள் வந்தது. ஆலைக்காரர்கள் தாமதத்துக்காக 1,10,000 ரூபாயை எல்.டி. (முன்பே பேசிய தாமத நஷ்டஈடு) என்று பில்லில் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தொகையைக் கேட்டு லேத்காரர் மீது பொன்னேரி முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டேன். அர்ஜென்ட் நகல் வாதி சான்றாவணம் 1 ஆனது. மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால் அனுப்பம்பட்டு தாண்டிப் பொன்னேரி. அந்தச் சின்னப் பயணத்தில் குறுக்கு விசாரணையை மனதுக்குள் பல தடவை நடத்தி, எல்லாத் தடவையும் ஜெயித்திருந்தேன்.

"அர்ஜென்ட்னு எழுதியிருக்கு, பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

"மூணு கோடு?"

"பார்த்தேங்க. எங்கிட்ட வர்ற எல்லாரும் அர்ஜென்ட்னுதாங்க எழுதுறாங்க."

கடைசிக் கேள்வியைக் கேட்காமல் உட்கார்ந்திருக்கலாம். அடுத்த வாய்தாவில் அந்த மாதம் பட்டறைக்கு வந்த டி.சி. கட்டையே எதிர்த்தரப்பால் தாக்கலானது. புரட்டினேன். கரும்பு ஜூஸ் வண்டி ரோலருக்கும் அர்ஜென்ட். அதற்கு நான்கு கோடு.

எதிர்த்தரப்பு வக்கீல் 1898-ம் ஆண்டு மெட்ராஸ் ஐகோர்ட் தீர்ப்பை எடுத்தார். மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கும் கோவிந்த ராவ் என்ற தையற்காரருக்கும் நடந்த வழக்கு. ஓர் ஊர்த் திருவிழாவில் தைத்துச் சம்பாதிக்கலாமென்று தையல் மெஷினையும் துணிக்கட்டையும் ரயிலில் போட்டார். கம்பெனி ஆட்களின் தவறால் திருவிழா முடிந்த பிறகுதான் அவை போய்ச் சேர்ந்தன. போன லாபத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை. எதற்காக அனுப்புகிறார் என்பதை ரயில்வேக்குச் சொல்லவே இல்லை. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் 1854-ன் ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் வழக்கும் இதே கதைதான். இங்கிலாந்தில் குளோஸ்டர் மில்லின் உடைந்த கிராங்க் ஷாஃப்ட். அதுவும் ஷாஃப்ட் என்பது என் வயிற்றெரிச்சல்.

73-வது பிரிவு இரண்டு வகை நஷ்டத்தைத் தருகிறது: மீறலால் இயல்பாக விளைவது; ஒப்பந்தம் பேசும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. 'பேசும்போதே' என்பதில்தான் என் கட்சிக்காரர் சிக்கினார். எல்.டி. பிடிப்பார்கள் என்று அவர் லேத்காரரிடம் முதன்முதலில் சொன்னது வெள்ளிக்கிழமை, போனில், நாள் தவறிய பிறகு. "ஷட்டவுன்னா மீஞ்சூர்ல யாருக்குத் தெரியாது சார்?" என்று என்னிடம் பொருமினார். ஷட்டவுன் ஊருக்குத் தெரியும். அவர் ஆலையோடு போட்ட ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு எவ்வளவு பிடித்தம் என்பது ஊருக்குத் தெரியாது.

ஃபிட்டர்கள் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களின் கூலி மட்டும் தீர்ப்பாயிற்று. அப்பீல் வேண்டாமென்றேன்.

சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். இன்னொரு ஷாஃப்ட். அந்த நீளத்துக்கு மீஞ்சூரில் அவருக்குத் தோதான லேத் அந்தப் பட்டறையில்தான். இந்த முறை டி.சி.யில் அர்ஜென்ட் இல்லை. நாள் தவறினால் ஆலை இவ்வளவு பிடிக்கும், அது பட்டறையின் பொறுப்பு என்று நான் சொன்னபடி எழுதியிருக்கிறார். லேத்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாராம்.

"கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டார் சார். கூலி 12,000 கேட்டார்."

"கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன். வியாழன்னு சொன்னது புதன்கிழமையே வந்துடுச்சு."