சூசையப்பரின் சொந்த ஊர்

மார்கழி பிறந்துவிட்டால் கரிசலுக்கு ஒரு வாசம் வந்துவிடும். உங்களுக்கும் நினைவிருக்கும். ராத்திரி முழுக்கப் பனி இறங்கி, வெயில் ஏறுவதற்கு முன்னால் மல்லிக்காட்டிலிருந்து கிளம்பி ஊருக்குள் நுழையும் வாசம் அது. மல்லிக்காட்டை அடுத்துக் கொண்டைக்கடலைக் காடு. குறுக்கே நடந்தால் கணுக்கால்வரை நனைந்து, கடலைச்செடியின் புளிப்பு ஏறிக் கால் நமநமவென்று அரிக்கும். ராத்திரி அந்தச் செடிகள்மேல் வெள்ளைத்துணியை விரித்துவைத்து, விடிந்ததும் பிழிந்து, அந்தப் புளிப்பை வயிற்றுக்கோளாறுக்கென்று பத்திரப்படுத்துவாள் அவ்வா. கம்பு கதிர் முற்றி நிற்கும். பருத்தி மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கும். புரட்டாசியில் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த சம்சாரிகள் கொஞ்சம் தலையைக் குனிந்து காட்டைப் பார்த்துச் சிரிக்கிற மாதம். அந்த மாதத்தில்தான் எங்களுக்குக் கிறிஸ்மஸ்.

காமநாயக்கன்பட்டிக் கோயில் மணி காற்று வாக்காக இருந்தால் எங்கள் ஊர்வரை கேட்கும். ஊரில் வேதக்கார வீடுகள் கொஞ்சம்தான். ஆனால் மார்கழி எல்லாருக்கும் பொது. விடியக்காலை பெருமாள் கோயில் பஜனைக்காரர்கள் ஜால்ராவோடு தெரு சுற்றி வருவார்கள். முன்ராத்திரியில் எங்கள் பாட்டுக்கோஷ்டி. ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, கட்டை தேய்ந்த ஓர் ஆர்மோனியப் பெட்டி, ஒரு டோலக்கு. ஊருக்கே டோலக்கு அது ஒன்றுதான். ராத்திரி சேசு பாலனுக்குத் தட்டுவார்கள், விடியலில் பெருமாளுக்குத் தட்டுவார்கள். பனியில் அதன் தோல் தளர்ந்துபோகும் என்று பருத்திமாரைக் கொளுத்தி அனலில் காட்டிக் காட்டி எடுப்பார்கள். தட்டுகிற ஆளும் ஒரே ஆள்தான். இரண்டு பக்கமும் சுண்டல் வாங்கித் தின்றவர்களில் நானும் உண்டு, நீங்களும் இருந்திருப்பீர்கள்.

குடில் கட்டுகிற வேலை திருநாளுக்கு ரொம்ப நாள் முன்னாலேயே தொடங்கிவிடும். சிரட்டைகளில் மண்ணைப் போட்டுக் கம்பு விதைத்துத் தொழு மூலையில் இருட்டில் வைப்போம். வெளிறின பச்சையில் நாற்று நீளமாக வளர்ந்து நிற்கும். அதுதான் பெத்லகேம் வயல். மலைக்குக் கரிசல் கட்டி. ஆடுமாடுகளுக்கு வேளார் வீட்டுச் சுட்ட மண் பொம்மைகள். ஒரு பசுவுக்குக் கொம்பு உடைந்துபோய் ஒற்றைக் கொம்போடுதான் வருஷா வருஷம் பாலனுக்குக் காவல் இருந்தது. பெத்லகேம் ஊர் வீடுகளெல்லாம் தீப்பெட்டிகள். கோவில்பட்டியைச் சுற்றி எந்த வீட்டில்தான் அப்போது பெட்டி ஒட்டவில்லை? மரச்சீவலை மடித்து, நீலத்தாளில் பசை தடவி அக்காமார் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டிக் குவித்ததில் கோணலாகிப் போனதெல்லாம் எங்களுக்கு. நீலச் சுவர் வைத்த அந்த ஊரின்மேல் படத்தில் பார்த்த மாதிரி வெண்பனி பெய்ய வேண்டுமே. அதற்கு மச்சில் தாட்டுக்கட்டிக் கிடக்கும் போன மாசிப் பருத்தி. கருங்கண்ணிப் பருத்தியைக் கொட்டை நீக்கிப் பிய்த்துப் பிய்த்துத் தூவுவோம். பிறகு அவ்வா வந்து, "மூதிகளா, இது என்ன வெலைன்னு தெரியுமா" என்று பாதியைத் திரும்ப அள்ளிக்கொண்டு போவாள். எங்கள் பெத்லகேமில் பனி எப்போதும் குறைவாகத்தான் பெய்தது.

பாலன் கிடக்கிற காடியைச் செய்துகொடுத்தவர் ஊர் ஆசாரி. அவர் வேதக்காரர் இல்லை. ஆடி ஆவணியில் அவர் பட்டறை முன்னால் ஊரே கலப்பையோடு நிற்கும். மார்கழியில் வேலை கம்மி. அந்த ஓய்வில், மிஞ்சின கருவேலந்துண்டை இழைத்து, உள்ளங்கை அகலத்தில் நிஜக் காடிபோலவே செய்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். பச்சைப்பிள்ளையைக் கிடத்துகிற இடம், சிராம்பு குத்திவிடக்கூடாதாம். கூலி வாங்கமாட்டார். "அவுகளும் நம்ம தொழில்தான" என்பார். அவர் சொன்னது சூசையப்பரை.

அந்தச் சூசையப்பர் விஷயத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு என்று உபதேசியார் தாத்தா சொல்வார். சுவிசேஷம் நாலையும் புரட்டினாலும் சூசையப்பர் வாய் திறந்து பேசினதாக ஒரு வார்த்தை கிடையாது. சம்மனசு கனவில் சொல்லும். இவர் எழுந்து அதைச் செய்வார், அவ்வளவுதான். அப்படி வாயில்லாமல் போன தச்சரைக் காப்பியத் தலைவனாக்கி, வளன் என்று பேர் சூட்டி, 36 படலத்தில் 3615 பாட்டுப் பாடிவிட்டார் வீரமாமுனிவர். தேம்பாவணி முடிந்தது 1726-இல், வடக்கே ஏலாக்குறிச்சிப் பக்கம் அவர் இருந்த காலத்தில். ஆனால் இத்தாலியிலிருந்து வந்த புதிதில் அவர் ஊழியம் பார்த்தது நம் காமநாயக்கன்பட்டியில். கரிசல் ஒட்டின காலோடு நம் பேச்சைக் கேட்டுத் திரிந்த மனுஷர். "எந்த ஆசாரி பட்டறையில உக்காந்து பாத்தாரோ" என்று உபதேசியார் இழுப்பார். ஆதாரமெல்லாம் அவரிடம் கிடையாது. ஆனால் சூசையப்பர் உளி பிடிக்கிற மாதிரி அவர் கையை வைத்துக் காட்டும்போது, அது எங்கள் ஆசாரியின் கையாகத்தான் இருக்கும்.

இடையர்களுக்குக் கீதாரி. கோடையில் வெள்ளாமை எடுத்த காட்டில் கிடை போடுவாரே, தட்டி வளைத்து, குட்டிகளைக் கூட்டில் அடைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பாரே, அவரேதான். மார்கழியில் காடெல்லாம் பயிர் நிற்பதால் ஆடுகளை மேற்கே மலையடிவாரத்துக்கோ குளத்துப் புறம்போக்குக்கோ ஒதுக்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் சாமப் பூசைக்கு மட்டும் எங்கிருந்தாலும் வந்துவிடுவார். கோயிலுக்குள் வரமாட்டார். வெளியே வண்டிகளுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருப்பார். ஏன் என்று கேட்டால், "மொதச் சேதி எங்க ஆளுகளுக்குத்தான வந்துச்சு" என்பார், ஏதோ தாயாதி வீட்டு விசேஷம் போல. ஆறாமீன் எங்கே நிற்கிறது, விடிவெள்ளி எப்போது முளைக்கும் என்று பார்த்து ராத்திரியில் மணி சொல்கிறவர் அவர். மூன்று ராசாக்களுக்கு வழிகாட்டின வெள்ளி எந்தத் திக்கில் முளைத்தது என்று உபதேசியாரை மடக்கி மடக்கிக் கேட்பார். கிழக்கே என்பார் உபதேசியார். "கெழக்கயா? அப்ப விடிவெள்ளியா இருக்கும்" என்று அவரே தீர்த்துவைத்துவிடுவார்.

சாமப் பூசைக்குப் போகிற ராத்திரியை எப்படிச் சொல்ல? மழை பெய்த வருஷமானால் கரிசல் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு காலிலும் மண் அப்பி அப்பி, நடக்க நடக்க ஆள் உயரமாகிக்கொண்டே போவோம். வயசானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் கூண்டு வண்டியில். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆட, வண்டிச்சக்கரத்தின் நிழல் காட்டின்மேல் பெரிசாகச் சுழன்றுகொண்டே வரும். தீபாவளிக்கு வாங்கி மிச்சம் பிடித்த சிவகாசி வெடி நாலு பையில் இருக்கும். நமுத்துப்போனதா இல்லையா என்ற கவலைதான் வழி முழுக்க.

எனக்குத் தெரிய ஆரம்பத்தில் பூசை லத்தீனில்தான். சாமியார் நமக்கு முதுகைக் காட்டி நின்று என்னவோ சொல்வார். நாங்கள் தூங்கி விழுவோம். குளோரியாவுக்கு எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும் பாருங்கள், அப்போதுதான் எழுந்திருப்போம். குடிலின் திரை விலகும். வெளியே வெடிச்சத்தம். 1960-களில் வத்திக்கான் சங்கம் முடிந்து பூசை தமிழுக்கு வந்தபிறகுதான் சாமியார் இத்தனை நாளும் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவ்வாவுக்குத் தெரிந்தது. பூசை முடிந்ததும் பாலன் சொரூபத்துக்கு முத்தி செய்ய வரிசை. பாதத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு வெளியே வந்தால், கோயிலுக்குப் பின்னால் அவிழ்த்துக் கட்டின மாடுகள் இருட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். சோளத்தட்டை வாசம், சாண வாசம், மூச்சுக்காற்றின் சூடு, எப்போதாவது ஒரு கழுத்துமணி. பக்கத்தில் கம்பளிக்குள் கீதாரி. உள்ளே மண்ணில் செய்து வைத்திருந்த அத்தனையும் வெளியே உயிரோடு கிடந்தது. எங்களுக்கு பெத்லகேம் எங்கே இருக்கிறது என்று யாரும் வரைபடத்தில் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அவ்வாவுக்கு மட்டும் ஒரு கேள்வி. வருஷா வருஷம் அதே கேள்வி. அகுஸ்துராயர் குடிக்கணக்கு எடுக்கச் சொன்னதால் அவரவர் தங்கள் பூர்வீக ஊருக்குப் போனார்கள், சூசையப்பரும் தாவீது ராசாவின் வம்சம் என்பதால் பெத்லகேமுக்கு வந்தார், சத்திரத்தில் இடமில்லை என்று உபதேசியார் சொல்லிக்கொண்டு வரும்போதே மறித்துவிடுவாள்.

"சொந்த ஊருங்கிறீக. ஒரு சித்தப்பன், பெரியப்பன் வீடுகூடவா இல்லாமப் போச்சு? புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு வந்தவனுக்கு ஒரு திண்ணை குடுக்க ஆளில்லையா?"

"இருந்திருப்பாகம்மா. எல்லாரும் வீட்டுக்குள்ளதான் இருந்திருப்பாக. கதவச் சாத்தியிருப்பாக."

உபதேசியார் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் அதற்கடுத்து அவர் சொன்னதை விடப் பெரிய பிரசங்கத்தை இத்தனை வருஷத்தில் நான் எங்கும் கேட்கவில்லை. "அரமனையில பொறந்திருந்தா கீதாரியக் காவக்காரன் உள்ள விட்டிருப்பானா? ஒரு சம்சாரி வீட்லயே பொறந்திருந்தாலும் நீங்க விட்டிருப்பீகளா? தொழுவுக்குத்தாம்மா கதவு கெடையாது. யாரும் வரலாம், எந்நேரமும் வரலாம். அதுக்காகத்தான் சர்வேசுரன் அங்க வந்து பொறந்தாரு."

அவ்வா பதில் பேசமாட்டாள். ஏனென்றால் எங்கள் தெருவிலும் கோடுகள் இருந்தன. திண்ணைவரை வருகிறவர்கள், வாசலோடு நிற்கிறவர்கள், கொல்லைப்புறமாக வந்து கூப்பிடுகிறவர்கள். எல்லாம் பொன்னான காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கீதாரி கோயிலுக்குள் வராமல் வண்டியடியில் குத்தவைத்ததற்கு, வேதக்காரர் இல்லை என்பது மட்டுமே காரணமா என்று இப்போது யோசிக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு ராத்திரி அவ்வாவின் மனசில் ஏதோ இளகும். பொழுது விடிந்ததும் அவருக்கு உள்கூடத்தில் இலை போடச் சொல்வாள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு கம்பளியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வருவார்.

இலையில் நெல்லுச்சோறு. கம்பங்கஞ்சியும் சோளச்சோறுமாக வருஷத்தை ஓட்டுகிற வீட்டில் நெல்லுச்சோறு மணக்கிறதே, அதுதான் திருநாள். ஆட்டுக்கறிக் குழம்பு. கருப்பட்டிப் பாகில் செய்த அதிரசம், முறுக்கு, ரவை லட்டு. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை, வாழைப்பழம், பலகாரம் வைத்து, வேட்டித்துணியால் மூடிக் கொடுத்துவிடுவார்கள். தாம்பாளம் வெறுமையாகத் திரும்பாது. கைப்பிடி சீனியாவது கம்பாவது இருக்கும். ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்தால் குடிலைப் பிரித்துவிடுவோம். வாடின கம்பு நாற்று கன்றுக்குட்டிக்கு. பொம்மைகள் வைக்கோலில் பொதிந்து மச்சுக்கு. அந்தத் தீப்பெட்டி ஊர் அடுப்புக்குப் போகும்போதுதான் அழுகை வரும். அடுத்த வாரமே பொங்கல் என்று சமாதானம் சொல்வார்கள்.

இப்போது காட்டில் மக்காச்சோளம். அதுவும் இல்லாத இடத்தில் வேலிக்கருவேலம். காற்றாலைகள் நிற்கின்றன. பெட்டி ஒட்டின திண்ணைகள் இல்லை. தீப்பெட்டி அட்டையாகி மெஷினில் வந்துவிட்டது. டிராக்டர் வந்தபிறகு கலப்பைக்கு வேலையில்லை, ஆசாரியின் மகன் திருப்பூரில். கிடை போடுகிறவர்களை எப்போதாவது ரோட்டோரம் பார்த்தால் காரை நிறுத்திப் படம் எடுக்கிறோம். குடில் இன்னும் பெரிசாகத்தான் கட்டுகிறார்கள். சீரியல் லைட்டும் கடையில் வாங்கின சொரூபங்களுமாகப் பளபளவென்று இருக்கிறது. என் பேரன் அதைப் பார்த்துவிட்டு, பாப்பா ஏன் டப்பாவில் படுத்திருக்கிறது என்றான். மாடு தீனி தின்கிற காடி என்றேன். காட்டிக்கொடுக்க ஊரில் ஒரு தொழு இல்லை.

உங்களுக்கும் இதே கதைதானே? பூர்வீக வீட்டை விற்றாயிற்று, அல்லது மண்சுவர் கரைந்து எருக்கு முளைத்துவிட்டது. சித்தப்பன் பெரியப்பன் மக்கள் ஆளுக்கொரு ஊரில். கோவில்பட்டியில் லாட்ஜில் ரூம் போட்டுத்தான் நாம் சாமப் பூசைக்குப் போய்வருகிறோம். சத்திரத்தில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது. சொந்த ஊரில் ஒரு திண்ணை இல்லை. அவ்வா இருந்திருந்தால் இப்போது சூசையப்பரை விட்டுவிட்டு நம்மைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள்.